அம்மா ஏறி இறங்க ஒரு கார்

அன்புள்ள சார்,

உங்கள் அப்பாவின் கடைசி வருடங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், வயது 77. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம் ஆகிறது. இடதும் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். மாதம் ஒருமுறை தஞ்சாவூரில் டாக்டர், சனிக்கிழமை ஒப்பிலியப்பன் கோவில், எப்போதாவது ஒரு கல்யாணம், அவ்வளவுதான் அவர் வெளியே போவது. ஆட்டோ தூக்கிப் போடுகிறது என்று அதையும் குறைத்துக்கொண்டார். பத்து லட்சத்துக்குள் ஒரு கார் வாங்கி வீட்டில் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். மச்சான், உயரமான எஸ்யூவிதான் பாதுகாப்பு, மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியிருக்க வேண்டும் என்கிறார். மனைவி சின்ன வண்டி போதும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

"ஷோரூம் போகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் "போகிறோமில்" அம்மா இருக்கிறாரா?

நான் அப்பாவை விட்டுவிட்டுப் போய்த்தான் வாங்கினேன். உயரமான வண்டி, பார்த்தாலே ஒரு தைரியம் வரும், லாரி வந்து மோதினாலும் தாங்கும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முதல் நாள் அப்பாவை ஏற்றினோம். ஏற்றினோம் என்பதுதான் சரியான வார்த்தை, நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். மூன்றாவது தடவை கிளம்பும்போது "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்றார். 79 வயதில் அவருக்கு இருந்த வேலை பேப்பர் படிப்பது. ஏறக்குறைய ஒரு வருடம் எங்கு கூப்பிட்டாலும் இதே பதில்தான், எங்களுக்கும் உறைக்கவில்லை, வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு அத்தை பையனின் பழைய சின்னக் காரில் அவரே கதவைத் திறந்து, உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பியும் வந்தபோதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. அவருக்கு ஊர் சுற்றுவது அலுக்கவில்லை. தெருவே பார்க்க மூட்டை மாதிரித் தூக்கி வைப்பதுதான் அவருக்கு ஆகவில்லை.

ஆகவே உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள், வண்டி ஓடும்போது இருக்கிற பாதுகாப்பு ஒன்று, நிற்கும்போது வேண்டிய பாதுகாப்பு இன்னொன்று. தரைக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டடியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால், உள்ளே எத்தனை ஏர்பேக் இருந்து என்ன?

முதலில் உயரம். அம்மாவைச் சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். சீட்டின் விளிம்பு அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். அப்படி இருந்தால் நாற்காலியில் உட்காருகிற மாதிரி பின்னால் சாய்ந்தாலே போதும். அதைவிடத் தாழ்வாக இருந்தால், சில செடான் கார்களில் போல, உட்காரும்போது தொப்பென்று விழுவார், எழுந்திருக்கும்போது முழு எடையையும் அந்தத் தேய்ந்த மூட்டு தூக்க வேண்டும். அதைவிட உயரம் என்றால் குதித்து இறங்க வேண்டும். ஏறுவதை எப்படியாவது சமாளித்துவிடலாம், இறங்குவதுதான் ஆபத்து. பிசியோதெரபிஸ்டுகள் மாடிப்படிக்கு ஒரு பாடம் சொல்லித் தருவார்கள், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உங்கள் அம்மாவும் கேட்டிருப்பார். ஆனால் எஸ்யூவியிலிருந்து இறங்கும்போது எந்தக் கால் முதலில் போகும் என்பதைக் கதவு இருக்கிற பக்கம்தான் முடிவு செய்கிறது. பக்கவாட்டில் ஒரு படி பொருத்தித் தருகிறோம் என்பார்கள். அது ஒரு சாண் அகலம்கூட இருக்காது, மழை பெய்தால் வழுக்கும், புடவைக் கொசுவம் அதில் மாட்டும்.

இடது கதவு வழியாக நின்ற நிலையில் ஏறினால் வலது கால்தான் முதலில் உள்ளே போகும். வலது காலை எடுத்து வைத்து வா என்று மருமகள்களை அழைத்துப் பழகிய அம்மாக்களுக்கு இது மிகவும் பொருத்தமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குத்தான் சிக்கல், அந்த நேரத்தில் உடம்பு முழுவதையும் தாங்குவது தேய்ந்துபோன இடது கால். அதனால் கால் வைத்து ஏறுவதையே மறந்துவிடச் சொல்லுங்கள். முதலில் உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ள வேண்டும். துணி சீட் என்றால் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் எளிதாகத் திரும்பும், திரும்பி முடித்ததும் உருவி எடுத்துவிட வேண்டும்.

இப்படித் திரும்ப வேண்டுமென்றால் கதவு நன்றாகத் திறக்க வேண்டும். இதை யாரும் பார்ப்பதில்லை. டாடா பஞ்ச் என்கிற சின்ன எஸ்யூவியின் கதவுகள் 90 டிகிரிக்குத் திறக்கும், விளம்பரத்திலேயே சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் கும்பகோணத்துச் சந்துகளில் 90 டிகிரி திறக்க இடம் வேண்டுமே! பக்கத்தில் சாக்கடை, எதிரே பைக். அங்கே தள்ளு கதவுதான் சொர்க்கம், நம் ஊரில் அது மாருதி ஈக்கோவில் இருக்கிறது, அதை விட்டால் கியா கார்னிவல் மாதிரி பல லட்ச ரூபாய் வண்டிகளில் இருக்கிறது, நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈக்கோ 2016 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை, அதனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் மாருதியின் தாய் நிறுவனமான சுசுகி, சக்கர நாற்காலியோடு ஏறுகிற கார்களையே விற்கிறது. இங்கே 2025 டிசம்பரில்தான், வெளிப்பக்கம் திரும்புகிற முன் சீட்டை மாருதியின் சின்னக் காரான வேகன் ஆருக்கு அறிவித்தார்கள், அதுவும் முதலில் சில நகரங்களில் மட்டும். உங்கள் டீலரிடம் கேட்டுப் பாருங்கள்.

கதவடியில் இருக்கிற நிலைப்படியையும் பாருங்கள். சில வண்டிகளில் அது ஒரு திண்ணை அகலம் இருக்கும், உள்ளே தரை பள்ளமாக இருக்கும், காலை அவ்வளவு தூக்கித்தான் உள்ளே போட வேண்டும். மேலே தலை இடிக்கிறதா என்பது அடுத்தது. வயதானவர்களுக்குக் கழுத்து அவ்வளவாக வளையாது, தலையைக் குனிகிறோம் என்று முதுகைக் குனிவார்கள்.

கை எங்கே பிடிக்கிறது? இதற்கு ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். பின் சீட்டிலிருந்து இறங்குகிறவர்கள் பழக்கத்தில் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணைப் பிடிப்பார்கள். என் பெரியம்மா அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றார், முன் சீட்டிலிருந்து இறங்கிய நான் என் கதவைச் சாத்தினேன். இரண்டு விரல். இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம், பெரியவர் இறங்கி நான்கடி நகரும்வரை எந்தக் கதவையும் யாரும் தொடக் கூடாது. கதவின் பூட்டு வந்து மாட்டுகிற கொக்கியில் செருகிக்கொள்ளும் கைப்பிடி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. அதை ஊன்றி எழுந்திருக்கலாம். கதவைப் பிடித்து எழுந்தால் கதவு ஆடும், ஆளும் சேர்ந்து ஆடுவார்.

சரி, ஸ்டார் விஷயம். மச்சான் சொல்வதை நான் தள்ளவில்லை. ஆனால் அந்த ஸ்டார் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை மோத விடுகிறார்கள். அப்போது முன் சீட்டில் உட்கார்ந்திருப்பது சராசரி ஆணின் அளவிலான பொம்மைகள், பின் சீட்டில் குழந்தைப் பொம்மைகள். எலும்பு தேய்ந்த 77 வயதுப் பெண் பொம்மை எங்கேயும் இல்லை. அதனால் ஸ்டார் வேண்டாம் என்று அர்த்தமில்லை, கூடு பலமாக இருப்பது எல்லோருக்கும் நல்லது. வேகன் ஆர் 2023-இல் குளோபல் என்கேப்பில் ஒரே ஒரு ஸ்டார் வாங்கியது, பஞ்ச் 2021-லேயே ஐந்து வாங்கியது. உங்கள் அம்மாவால் இரண்டிலும் ஏறி இறங்க முடிகிறதென்றால் யோசிக்காமல் ஐந்து ஸ்டார் பக்கம் போங்கள். குள்ளமானவர் என்றால் பஞ்ச் உயரம் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகலாம், வேகன் ஆரில்தான் முடிகிறதென்றால் ஆறு ஏர்பேக் உள்ள புது மாடலாக வாங்கி, டிரைவரிடம் 60-ஐத் தாண்டாதே என்று சொல்லிவிடுங்கள். ஏற முடியாத ஐந்து ஸ்டார் வீட்டு வாசலில் நிற்கும், அம்மா மறுபடி ஆட்டோவில் போவார்.

பெல்ட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்தால் எதற்கு பெல்ட் என்பார். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது பின் சீட்டில், பெல்ட் போடாமல், அதுவும் விலை உயர்ந்த காரில். வயதானவர்களுக்கு விலா எலும்பு லேசில் முறியும், ஆகவே பெல்ட் தோளின் நடுவில் போய், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், தலைப்பு அதற்குள் சுருண்டு கிடக்கக் கூடாது. உயரத்துக்காகத் தடிமனான தலையணை போட்டால் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், மோதலில் ஆள் அடியில் வழுக்கிப் போவார். பிரீ-டென்ஷனரும் லோட் லிமிட்டரும் எந்த சீட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள். மோதும்போது முதலாவது பெல்ட்டை இறுக்கும், இரண்டாவது அழுத்தம் மிஞ்சிப்போனால் கொஞ்சம் தளர்த்தி மார்பைக் காக்கும். பல வண்டிகளில் இவை முன் சீட்டுக்கு மட்டும்தான். நான் உங்கள் அம்மாவை முன் சீட்டில்தான் உட்கார வைப்பேன். சீட்டைப் பின்னுக்குத் தள்ளலாம், காலுக்கு இடம், ஏர்பேக்கிலிருந்தும் தள்ளி இருப்பார். இன்னொன்று, ஷோரூமில் இலவசமாகப் போட்டுத் தருகிற ரெக்ஸின் சீட் கவர் வேண்டாம். வழுக்கும் என்பது ஒரு பக்கம், சீட்டின் விலாவிலிருந்து வெடித்து வருகிற ஏர்பேக்குக்கு வழி விட்டுத் தைத்திருக்கிறார்களா என்பது இன்னொரு பக்கம்.

சிஎன்ஜி எடுக்காதீர்கள். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொண்டால் இன்றைக்கு வாக்கரும் நாளைக்கு சக்கர நாற்காலியும் எங்கே போகும்?

நீங்கள் கேட்காத ஒன்று. வண்டியைக் கும்பகோணத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் ஓசூரில் இருப்பீர்கள், ஓட்டுவது யார்? மாதத்துக்கு ஐந்தாறு பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் கிடைப்பார்தான், ஆனால் நம்பரை அம்மாதான் சுழற்ற வேண்டும், நடுவில் பேட்டரி இறங்கியிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் ஒரே டிரைவர், ஒரே வண்டி என்று வாடகைக்குப் பேசிப் பாருங்கள். அம்மா டிரைவரைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்து, தானாக எங்கேயாவது போக வேண்டும் என்று சொன்னால் அப்புறம் வாங்கலாம். அதற்குள் எந்த உயரம் ஒத்துவருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இல்லை, ஞாயிற்றுக்கிழமை போயே தீருவோம் என்றால், ஓசூர் ஷோரூமை விட்டுவிட்டு ஊருக்குப் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையோடு வரட்டும். ஐந்து தடவையாவது ஏறி இறங்கட்டும், ஷோரூம் டைல்ஸ் தரையில் வேண்டாம், வெளியே தெருவோரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் போகாதீர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், முட்டி அதற்குள் வீங்கியிருக்கும்.