பிள்ளைக்காம்பரா இருக்கும்போது முன்பள்ளிக்கு அரசுப் பணம் எதற்கு?

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளைக்காம்பரா, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம், இருக்கிறது. தரம் ஒன்றிலிருந்து கல்வியும் இலவசம். உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாமல் மலையகப் பாடசாலைகள் தவிக்கும்போது, மூன்று வயதுப் பிள்ளைகள் பாட்டுப் பாடி விளையாட அரசு செலவழிக்க வேண்டும் என்று உங்கள் இதழ் எழுதுவது நியாயமா? வேண்டியவர்கள் கட்டணம் கட்டி அனுப்பட்டுமே?

– தோட்ட உத்தியோகத்தர் ஒருவர், லிந்துலை

பதில்: நியாயம்தான். இன்னும் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைக்காம்பரா எதற்காக வந்தது என்பது தோட்டத்திலேயே வேலை செய்யும் உங்களுக்குத் தெரியும். தாய் மலைக்கு ஏற வேண்டும், கொழுந்து நிறுவைக்கு வர வேண்டும். அதுவரை பிள்ளையை யாராவது வைத்திருக்க வேண்டும். மகப்பேற்று நன்மைகள் பற்றிய சட்டத்தைப் பாருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய்க்கு நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லையென்றால் ஒரு மணி. இது வேலை நேரத்தின் கணக்கு. நாலு வயதுப் பிள்ளை அங்கே என்ன கற்கிறது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

நிலைமை அப்படியே தேங்கி நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கீழ் பல பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கடனுடன் தொடங்கிய திட்டத்தில் தோட்டங்களுக்கும் பங்கு கிடைத்தது. நல்ல கட்டடங்கள் எழுந்தன. பயிற்சி பெற்ற பெண்கள் சிலர் அங்கே அருமையாக வேலை செய்கிறார்கள். ஆனால் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. ஆசிரியைக்கோ மாதா மாதம் சம்பளம் வேண்டும்.

கட்டணம் கட்டி அனுப்பட்டும் என்கிறீர்கள். கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ நடக்கும் தோட்டத்து முன்பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஆசிரியையின் மேசையில் இரண்டு கொப்பிகள் இருக்கும். ஒன்று வரவு, மற்றது கட்டணம். கட்டணக் கொப்பியில் இரண்டு மாதம் தொடர்ந்து வெறுமையாக இருக்கும் பெயர், வரவுக் கொப்பியிலும் மெல்ல மறையத் தொடங்கும். ஆசிரியை யாரையும் விரட்டுவதில்லை. தாய்க்கு வெட்கம், அனுப்பாமல் விட்டுவிடுகிறாள். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றார்கள். அதுவும் முழுப்பேர் விழுந்த, அதாவது முழு நாள் வேலையாகக் கணக்கிட்ட நாளுக்குத்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டணத்தில்தான் ஆசிரியையின் வருமானமும் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. ஓரளவு பழகி, பிள்ளைகளும் ஒட்டிக்கொண்ட நேரத்தில், கொழும்பில் கடை வேலை கிடைத்து அவர் போய்விடுகிறார். யாரைக் குறை சொல்வது?

இதன் விளைவு தரம் ஒன்றில் ஜனவரியிலேயே தெரியும். ஒரு பிள்ளை பென்சிலை மூன்று விரலால் பிடித்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறது. பக்கத்துப் பிள்ளை அதைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு, தாள் கிழிய அழுத்துகிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லக்கூட அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை. இரண்டும் ஒரே புத்திதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டையும் ஒரே வினாத்தாள் அளக்கும். பிறகு நாம் ‘தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் மந்தம்’ என்போம். உயர்தர விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை உண்மை, அதற்காகவும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளை நாம் இழப்பது இங்கிருந்தே தொடங்குகிறது.

பாட்டும் விளையாட்டும் வீண் செலவு என்றும் நினைக்காதீர்கள். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நல்ல முன்பள்ளி கொடுத்து, எல்லோரையும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அதிகம், வருமானமும் அதிகம், பொலிஸில் பிடிபட்டவர்கள் குறைவு. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் செய்தது விளையாட்டுத்தான், ஆனால் பயிற்சி பெற்றவர் திட்டமிட்டு நடத்திய விளையாட்டு. நம் பக்கத்தில் இதற்கு உணவும் சேர வேண்டும். 2016 ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம்.

என் கோபமெல்லாம் இதே தவறு மறுபடி நடக்கிறதே என்பதுதான். நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலையோ தோட்டத்தை நிர்வகித்த துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தது. தோட்டங்கள் அரசுடைமையான 1970களில்தான் அரசு அவற்றைக் கட்டம் கட்டமாக ஏற்றது. ஏற்ற பிறகு ஆசிரியர் நியமனம் வந்தது, பத்தனையில் கல்வியியல் கல்லூரி வந்தது, நம் வீடுகளில் பட்டதாரிகள் வந்தார்கள். இன்று கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குவதால், அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கை நீட்டுவதற்கு ஆள் மாறிக்கொண்டே போகிறது. முன்பள்ளி மாகாண சபையின் விடயம். மத்திய மாகாண சபையின் பதவிக்காலமோ 2018இல் முடிந்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்கச் சட்டம் இடம்தராமல் இருந்து, அதுவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. காணி கம்பனியின் கையில்.

நாங்கள் கேட்பது பெரிய அதிசயமல்ல. முன்பள்ளி ஆசிரியைக்குப் பெற்றோரின் கட்டணத்தில் தங்காத மாதச் சம்பளம், தமிழில் முறையான பயிற்சி, பிள்ளைக்கு ஒருவேளைச் சத்துணவு. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு ஒத்துப்போகும் பராமரிப்பு நேரமும் வேண்டும். பதினொரு மணிக்கு விட்டுவிட்டால் மலையிலிருக்கும் தாய் எப்படி வருவாள்? இதற்கெல்லாம் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் நிலையான ஒதுக்கீடு வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முன்பள்ளிக்கு ஒரு கட்டடமோ பத்துப் பேர்ச் காணியோ கேட்டுப் பெற்றோர் எழுதும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஏதும் கிடந்தால், அடுத்த முறை துரையிடம் கோப்பு போகும்போது அதை மேலே வைத்து அனுப்புங்கள்.