கவரில் 'தினம் 1' என்று எழுதியது யார்?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். மூட்டுவலி என்று சொன்ன அம்மாவுக்கு (62) மெடிக்கலில் கேட்டு வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாங்கினோம். வாரம் ஒன்று போட வேண்டியதைக் கடைப்பையன் கவரில் 'தினம் 1' என்று எழுதிவிட்டான். இரண்டு மாதத்தில் ஓயாத வாந்தி, மலச்சிக்கல், குழறல் பேச்சு. வேலூரில் சேர்த்தபோது கால்சியம் எகிறி, கிட்னியும் பாதித்திருந்தது. பில் 1,38,000 ரூபாய். நியாயம் கேட்டால் கடைக்காரர் ஏளனம் செய்தார். இப்போது 40,000 தருவதாக ஆள் விடுகிறார். கடை, கம்பெனி இரண்டின் மீதும் 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஏளனத்துக்கு நஷ்டஈடு கிடையாது. கம்பெனியையும் விடுங்கள், மாத்திரையில் குறையில்லை. 'பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள்' என்பதுதான் கடையின் பதிலாக இருக்கும். நுகர்வோர் சட்டம் 87-வது பிரிவு விற்பவருக்கு அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அதை அடைப்பது பேனாவில் எழுதிய அந்தக் கவர் ஒன்றுதான். கவரும் பில்லும் கையில் இருக்கிறதா? அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

கவர் இருந்தாலும் எனக்குப் பயம் டிஸ்சார்ஜ் சம்மரிதான். அட்மிஷன் பதற்றத்தில் டியூட்டி டாக்டர் கேட்பார். 'சத்து மாத்திரைதான் சார், நாங்களே வாங்கிக் கொடுத்தோம்' என்பார் மகன். 'டாக்டர் ஆலோசனையின்றி எடுத்துக்கொண்டவர்' என்று அது ஒரு வரியாக ஏறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டுவார். இப்படிச் சரிந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, வேறு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையும் போட்டாரா என்று தோண்டுவார்கள். இந்த மாத்திரைக்கு முன் எடுத்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்குவது. நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தெரியும். ஆஸ்பத்திரியில் அதன் அளவைப் பார்க்கவில்லை என்றால் நாளைக்கே பாருங்கள். கடைக்காரருக்கு 'கடையை மூட வைப்பேன்' என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தால், இனி அனுப்பாதீர்கள். பணம் கேட்டு மிரட்டியதாக அதையே திருப்புவார்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், 20 லட்சம் வராது. 40,000-க்கும் தலையாட்ட வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் விட்டு, பில் தொகையோடு இனி ஆகும் கிட்னி டெஸ்ட் செலவும் சேர்த்து இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள். பேச்சு இழுத்தால் இரண்டு வருடக் கெடுவுக்குள் வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு விழுந்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் மட்டும் போட்டால் செல்லாது. 'புகார் பொய்' என்ற வாசகம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அசல் கவரை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.