டிரம் இல்லாத பாட்டு

அன்புள்ள சார்,

கல்லூரிக் காலத்திலிருந்தே லெட் செப்பலின் ராக் குழு என்றால் எனக்குப் பைத்தியம். அவர்களுடைய 'வென் தி லெவி பிரேக்ஸ்' 1929-லேயே மெம்ஃபிஸ் மின்னி என்ற பாடகி பாடியது என்று போன வாரம்தான் தெரிந்தது. மனசு விட்டுப்போயிற்று. இவர்கள் திருடர்களா? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அந்தப் பழைய ப்ளூஸ் இசையை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? நல்ல ஹெட்போன் ஒன்றும் சொல்லுங்கள்.

ஆர்., மாரத்தஹள்ளி

அன்புள்ள ஆர்.,

ஹெட்போனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். திருட்டா என்றால், செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டு விஷயத்தில் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் பாட்டுக்கு, 1971 இசைத்தட்டிலேயே குழுவின் நால்வரோடு மின்னியின் பெயரும் இருக்கிறது.

என் கோபம் வேறு. 'மின்னி பாடியது' என்கிறீர்களே, கேட்டீர்களா? அதில் பாடுவது ஆண் குரல் ஐயா! அவருடைய அப்போதைய கணவர் கான்சாஸ் ஜோ மெக்காய். மின்னி பாடவே இல்லை, கிட்டார் வாசிக்கிறார். 1927 மிசிசிப்பி வெள்ளம் பற்றிய பாட்டு அது. துப்பாக்கி முனையில் கறுப்பினத்தவரைக் கரையில் மண்மூட்டை அடுக்க வைத்த வெள்ளம். அதைப் பாடிய ஜோவின் பெயர் செப்பலின் தட்டில் இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. மூன்று நிமிஷம் உட்கார்ந்து கேட்காமல் திருடனைப் பிடிக்கக் கிளம்பிவிடுவதா?

நானும் யோக்கியனில்லை. அல்சூரில் எங்கள் மாமா யாரிடமோ பதிவு செய்து வாங்கிய கேசட்டில் பால்பாயிண்ட் பேனாவால் 'செப்பலின் 4' என்று மட்டும் எழுதியிருக்கும்; உங்கள் பாட்டு இருக்கும் அதே 1971 ஆல்பம்தான். யார் எழுதினார், யார் பாடினார், ஒன்றும் கிடையாது. சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று டேப் ரெக்கார்டரை மாடிப்படிக்கு அடியில் வைப்பார். வீட்டுக்காரம்மா கன்னடத்தில் கத்துவார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் செப்பலின் டிரம்மர் பான்ஹாமின் டிரம்ஸைக் கீழே போட்டு, மாடிப்படி மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுத்தான் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள் என்று பின்னால் படித்தபோது சிரித்துவிட்டேன். மாமாவுக்கு அது எப்படித் தோன்றியதோ!

ஆரம்பிக்க வேறெங்கும் போக வேண்டாம், அந்த 1929 தட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். இரண்டே கிட்டார். மின்னியுடையது எது, ஜோவுடையது எது என்று பிரித்துக் கேட்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தொன்று. போன மாதம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்: "டிரம்மே இல்லாம எப்படிடா இது ஓடுது?"