கொழும்பில் நடக்கும் அலுவலக விருந்துக்கு எந்தக் குழு விளையாட்டுகள் பொருந்தும்?

40 பேர், ஒரு மண்டபம், இரண்டு மணிநேரம் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் கொண்ட எட்டுக் குழுக்களாகச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பிரிவு வாரியாக விட்டால் கணக்குப் பிரிவினர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பர்.

கொழும்பு அலுவலகங்களில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து புழங்குவதால், சொல்லை நம்பிய புதிர்களைவிட, பேசாமல் நடித்துக் காட்டி ஊகிக்கச் செய்யும் விளையாட்டே நன்றாக எடுபடும் என்பது என் கருத்து. சீட்டுகளை மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். திரைப்படப் பெயர்களை விடுத்து, கோட்டை நிலையத்தில் ரயிலைத் தவறவிட்டவர், கொத்து ரொட்டி போடுபவர் என எல்லோரும் கண்ட காட்சிகளையே கொடுங்கள். (கொத்துத் தகட்டின் ஓசையை வாயால் எழுப்புவதை மட்டும் முன்கூட்டியே தடைசெய்யுங்கள்.)

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளுள் யானைக்குக் கண் வைத்தலும் (கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்தில் கண்ணைக் குறிப்பது) சங்கீதக் கதிரையும் மண்டபத்துக்குப் பொருந்தும். முட்டி (மண்பானை) உடைத்தலுக்கும் கயிறிழுத்தலுக்கும் வெளியிடம் வேண்டும். ஏப்ரல் மாதமாயின், பிற்பகல் இடிமழைக்கு அஞ்சி அவற்றைக் காலையிலேயே முடிப்பது நல்லது.

ஓட இயலாதவர்களை நடுவராகவோ புள்ளி எழுதுபவராகவோ அமர்த்துங்கள். எல்லாவற்றையும் உணவுக்கு முன்னரே நடத்துங்கள். புரியாணி உண்டபின் எவரும் கதிரையை விட்டு எழமாட்டார்கள்.