இந்துப்பு, தைராய்டு, கருவில் வளரும் குழந்தை

கேள்வி: எனக்கு வயது 27. மூன்று மாதக் கர்ப்பம். சைவ உணவு மட்டுமே உண்கிறேன். அயோடின் உப்பில் கெமிக்கல் கலக்கிறார்கள், இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன என்று என் மாமியார் சொல்வதால், ஓராண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் இந்துப்புதான். இப்போது எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது உயரும்) 6.1 என்று அதிகமாக வந்து, மருத்துவர் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை இல்லாமல் உணவிலேயே சரிசெய்ய முடியாதா? இந்துப்பைத் தொடரலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மாத்திரையை இன்றே தொடங்கிவிடுங்கள், ஏற்கெனவே தொடங்கியிருந்தால் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். சமையலுக்கு மீண்டும் அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். இந்த இரண்டையும் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணத்தை நீங்களும் உங்கள் மாமியாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்ற நான்கே தனிமங்களால் ஆனது. கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம் போன்றவை மீதியில் பெரும்பங்கு வகிக்க, இரும்பு, துத்தநாகம், செலினியம், அயோடின் ஆகியவை மிகச் சொற்ப அளவில் இருக்கின்றன. இவற்றை வைத்துப் புரதத்தையும் கொழுப்பையும் ஹார்மோனையும் உடல் தானே கட்டிக்கொள்ளும். ஆனால் எந்த உயிரணுவாலும் ஒரு தனிமத்தின் அணுவைப் புதிதாக உண்டாக்க முடியாது; ஒன்றை இன்னொன்றாக மாற்றவும் முடியாது. உண்ணும் உணவிலும் குடிக்கும் நீரிலும் அயோடின் இல்லையென்றால், மற்ற சத்துகள் எவ்வளவு நிறைந்திருந்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

தைராக்ஸின் என்ற ஹார்மோனைப் பார்த்தால் இது விளங்கும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தைத் தைராய்டு சுரப்பி எடுத்து, அதன் மீது அயோடின் அணுக்களைப் பொருத்தி, அப்படிப்பட்ட இரண்டை இணைத்துத் தைராக்ஸினை உருவாக்குகிறது. ஒரு மூலக்கூறில் சரியாக நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். பிறகு திசுக்களில், செலினியத்தைக் கொண்ட ஒரு நொதி அந்த நான்கில் ஒன்றைக் கழற்றிவிட, மூன்று அயோடின் அணுக்களோடு மிஞ்சும் வடிவமே உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று முழு வீச்சில் வேலை செய்கிறது. ஓர் அணுவின் வேறுபாட்டில் இவ்வளவு பெரிய செயல் அடங்கியிருப்பது, பல ஆண்டுகளாக இதைப் படித்தும் கற்பித்தும் வரும் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கருவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆவது வாரத்தில்தான் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அதன் பிறகும் சில வாரங்கள் குழந்தை பெரும்பாலும் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் அந்த ஹார்மோனின் துணையோடு உருவாகி உரிய இடங்களுக்கு நகர்வது இதே காலத்தில்தான். அதனால்தான் உணவை மாற்றிவிட்டுச் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு இங்கே இடமில்லை. மாத்திரையில் இருப்பதும் உங்கள் சுரப்பி செய்யும் அதே தைராக்ஸின்தான். அணுவுக்கு அணு வேறுபாடில்லை.

இனி உப்புக்கு வருவோம். இந்துப்பு என்பது பழங்காலக் கடல் வற்றிப் படிந்து பாறையானது. அதில் பெரும்பகுதி, தூள் உப்பைப் போலவே, சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் இருப்பது உண்மையே, ஆனால் நாம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் உப்பில் அவற்றின் அளவு உடலுக்குப் பயன்படும் அளவை எட்டுவதில்லை. கடலிலிருந்து வந்ததால் அயோடின் இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பும், 50 முதல் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அவ்வளவும் உப்பிலேயே தங்கினாலும், 5 கிராம் உப்பில் உங்களுக்குக் கிடைப்பது 10 மைக்ரோகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணிக்குத் தேவையோ ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம். அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் இதே கணக்குதான்.

கெமிக்கல் என்று உங்கள் மாமியார் அஞ்சுவது, உப்பில் அயோடினுக்காகச் சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட்டை. அதை உடல் அயோடைடாக மாற்றி உறிஞ்சுகிறது. மீனிலும் பாலிலும் உள்ள அயோடினும் சுரப்பியை அடையும்போது அதே அயோடைடுதான். இந்திய மருத்துவ ஆய்வாளர் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றில் வெறும் உப்பையும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளின் பள்ளிக் குழந்தைகளிடம் முன்கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) வெகுவாகக் குறைந்தது; மற்றதில் அப்படிக் குறையவில்லை. நம் நாட்டின் அயோடின் உப்புத் திட்டம் இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது.

ஆயினும் உங்கள் டி.எஸ்.எச். உயர்வுக்கு இந்துப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நிலையும் இளம் பெண்களிடம் மிகப் பரவலாக இருப்பதால், அதைக் காட்டும் டி.பி.ஓ. எதிர்பொருள் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. அது இருப்பதாகத் தெரிந்தாலும் அயோடின் உப்பை விலக்க வேண்டியதில்லை.

உப்பின் அளவைக் கூட்டாதீர்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். நுகர்வோர் கைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவில் 5 கிராமில் கிடைப்பது 75 மைக்ரோகிராம். பாலும் தயிரும் இன்னும் கொஞ்சம் தரும். மீன் உண்ணாத உங்களுக்கு இது போதாமல் போகலாம் என்பதால், 150 மைக்ரோகிராம் அயோடின் கொண்ட கர்ப்பகாலச் சத்து மாத்திரை தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கடற்பாசி மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள். அவற்றில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கக்கூடும், மிகையும் தைராய்டைக் கெடுக்கும். அயோடின் வீணாகாமலிருக்க, உப்பை மூடிய டப்பாவில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் சிற்றுண்டிக்கும் முன் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். கர்ப்பகாலத்தில் தரப்படும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள் குடலில் தைராக்ஸினோடு பிணைந்து அதை உறிஞ்சவிடாமல் செய்யும் என்பதால், இடையில் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். நான்கு வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். மீண்டும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் பாதிக் காலம் வரை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, மருத்துவர் மாத்திரையின் அளவை அதற்கேற்ப மாற்றுவார்.