இரண்டாவது ராத்திரி

கேள்வி: பஹல்காமில் சுட்டார்கள், காஷ்மீர் காலியானது. எங்கள் ராமநாதபுரத்தில் குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் 'கலவர மாவட்டம்' என்று எழுதி எழுதியே பத்திரிகைக்காரர்கள் எங்கள் சுற்றுலாவைக் கெடுத்துவிட்டீர்கள். அரியமான் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். நாலு குடில் போடலாமா, வேண்டாமா?
(ஒரு வாசகர், உச்சிப்புளி)

பதில்: துப்பாக்கியே இல்லை என்கிறீர்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் சுட்டு உயிர்கள் போனதும் நாங்கள் எழுதியதால்தான் என்று வைத்துக்கொள்வோம். சரி, பழி எங்களோடு போகட்டும்.

காஷ்மீரை நீங்களே இழுத்துவிட்டீர்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் செத்த 26 பேரில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். ஒரு வாரத்துக்குள் 87 சுற்றுலா இடங்களில் 48ஐ அரசு மூடியது. இலங்கைக்கு 2018இல் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுகள் வெடித்து, அந்த ஆண்டுக் கணக்கு 19 லட்சமாக இறங்கியது. இதெல்லாம் வருகிறவனின் பயம். கணக்கில் ஏறும், நாள் போனால் ஆறும்.

உங்கள் மாவட்டத்துக்கு வருகிறவன் என்றைக்குப் பயந்தான்? அக்கரையில் போர் நடந்து மண்டபத்தில் அகதிகள் இறங்கிக்கொண்டிருந்தபோதும், வடநாட்டு யாத்ரீகர்கள் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுத்தான் போனார்கள். ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டம் குறையவில்லை. விடிகாலை வந்து சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்களால் ஊருக்கு என்ன மிஞ்சும்? நாலு டீ, ஒரு சிப்பி மாலை. அவர்களை இரண்டாவது ராத்திரியும் தங்கவைக்க வேண்டியவர் உள்ளூர்க்காரர். பயத்தில் இருப்பவரும் அவர்தான்.

படகுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற நாளில் கடலுக்குப் போனால் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கும். ஆள் திரும்பினாலும் படகு திரும்புவது அபூர்வம். (எல்லை தாண்டி இழுவைமடி போடுவதும் உண்மை, அதில் அக்கரைத் தமிழ் மீனவரின் வலை அறுவதும் உண்மை. அந்தச் சண்டையை வேறொரு வாரம் வைத்துக்கொள்வோம்.) ஒரு கடனில் வாங்கிய படகைப் பறிகொடுத்தவர், இன்னொரு கடன் வாங்கிச் சுற்றுலாப் படகு விடுவார் என்று ஆய்வுக் கூட்டங்களில் மட்டும்தான் பேச முடியும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். அதில் 1914இல் தொடங்கிய கப்பல், 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. புயலுக்கு நிற்காத கப்பல் போருக்கு நின்றது. 2023இல் மறுபடி இலங்கைக்குக் கப்பல் விட்டபோது அது நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியது.

கடலை விடுங்கள், தரைக்கு வருவோம். செப்டம்பர் 11 பரமக்குடியில் தேவேந்திரர்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் முக்குலத்தோர் கொண்டாடும் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி வருஷம் தவறாமல் தடை உத்தரவு, வெளியூர் வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. அப்படி ஒரு செப்டம்பரில் உங்கள் பக்கம் வந்திருந்தேன். டிரைவர் மதுரைப் பையன். நாக்கு வறள்கிறது, தண்ணீர் வாங்க நிறுத்தப்பா என்றேன். "இந்த ஊர் வேண்டாம் சார், அடுத்த ஊர்ல நிறுத்துறேன்" என்றான். அடுத்த ஊரில் டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டுவதற்கு முன்னால் அவனைப் பார்த்து, "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவன் மென்று விழுங்கி ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சுற்றுலாப் பயணி அல்லவா!

தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்கு ஒருநாள் போய்விட்டு வாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே படகில் கூட்டிப் போகிறார்கள்; பெண்கள் நண்டும் மீனும் சமைத்துப் போடுகிறார்கள். பிரமாதமான ஏற்பாடு ஒன்றுமில்லை. துடுப்பு பிடித்திருப்பவர் சொந்த ஊரில், சொந்த உப்பங்கழியில், யாரையும் கேட்காமல் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

குடில் தாராளமாகப் போடுங்கள், கடற்கரைக் கட்டுமான அனுமதியை மட்டும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. சமையலுக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுப்பீர்கள்? ராத்திரி ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவிவைத்துவிட்டு அந்த அம்மா எந்த வழியாக வீட்டுக்கு நடந்து போவார்? அதை எழுதி அனுப்புங்கள். குடில் நாலா, எட்டா என்பதை அப்புறம் பேசலாம்.