திருகின் மேல் ஒரு சொட்டு பெயின்ட்

வாசகர் கேள்விகளுக்கு ஏர் ரைஃபிள் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். போன வருடம் நகையை அடகு வைத்து இரண்டரை லட்சத்துக்கு ஒரு ஜெர்மன் ரைஃபிள் புதிதாக வாங்கிக் கொடுத்தோம். கிளப்பில் மூத்த பையன் ஒருவர், "ட்ரிகர் கனமாக இருக்கிறது, வேகமும் பத்தாது" என்று சொல்லி, திறந்து இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். நான்கே மாதத்தில் காற்று கசிகிறது. ராத்திரி காற்றழுத்தம் 200 பார் இருந்தால் காலையில் 140தான் இருக்கிறது. விற்றவரிடம் கொண்டு போனால், "வெளி ஆள் கை வைத்திருக்கிறார், இனி வாரண்டி கிடையாது" என்கிறார். இது நியாயமா? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: ஐயா, நகையை அடகு வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். அதனால் உங்கள் கடிதத்தை ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நியாயமா இல்லையா என்பது காற்று எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்தது. இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். ரைஃபிளில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையேட்டில் சொன்னபடி காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, அதன் முனையில் இருக்கும் அழுத்தமானியை மொபைலில் படம் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். காலையில் மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருந்தால் கசிவு சிலிண்டரில்தான், அந்தப் பையன் தொடாத இடத்தில். அதற்கு வாரண்டி மறுக்க விற்றவருக்கு நியாயமில்லை. முள் அசையாமல் இருந்தால் கசிவு ரைஃபிளுக்குள்ளே, பெரும்பாலும் ரெகுலேட்டர் பக்கம், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகத்தில். வேகத்தைக் கூட்டப் போகிறவர்கள் கை வைப்பதும் அங்கேதான். அப்படியென்றால் விற்றவர் சொல்வதில் தப்பில்லை.

"நாங்கள் திறந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். ரைஃபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில திருகுகளின் தலையில் கடுகளவு பெயின்ட் சொட்டு ஒன்று உறைந்திருக்கும். தொழிற்சாலையில் அளவு வைத்து முடித்ததும் இடுகிற அடையாளம் அது. திருகை அரைச் சுற்று திருப்பினாலும் சொட்டு விரிந்துவிடும். பிறகு நெயில் பாலிஷ் பூசி மறைத்தாலும் பழகிய கண்ணுக்குத் தெரியும். சிலர் ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கையில் கிடைத்த கிரீஸைத் தடவிவிடுகிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் உப்பி, சில மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். அது வாரண்டியை மட்டும் கெடுக்காது. 200 பார் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும். தயவுசெய்து இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சரிசெய்வது வேறு, மாற்றுவது வேறு. சீக் பீஸை (கன்னம் பதியும் பகுதி) ஏற்றுவது, பட் பிளேட்டை (தோளில் பதியும் தகடு) நகர்த்துவது, டயாப்டரை (கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் கருவி) திருப்புவது, ட்ரிகர் எடையையும் முதல் கட்டத்தையும் (ட்ரிகர் முதலில் லேசாக நகரும் தூரம்) கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருக்கும் திருகால் கூட்டிக் குறைப்பது, இதெல்லாம் செய்வதற்கென்றே கொடுத்த வசதிகள். எத்தனை தடவை செய்தாலும் வாரண்டி போகாது. ஸ்டாக்கை (ரைஃபிளைப் பிடிக்கும் கட்டை) மட்டும் மாற்றி வேறு நிறுவனத்தின் மர ஸ்டாக் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் சாக்காக வைத்து சிலிண்டர் கசிவுக்கு வாரண்டி மறுத்தால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் ட்ரிகரின் கொக்கியைத் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது, ரெகுலேட்டரைத் திறப்பது என்று போய்விட்டால், அந்தப் பாகத்தின் பொறுப்பு முழுக்க நம் தலையில் வந்து விழும்.

நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். 2009-இல் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் ரைஃபிளில், கையேட்டில் இல்லாத ஒரு திருகை, பெயின்ட்டை ஊசியால் சுரண்டிவிட்டு முக்கால் சுற்று திருப்பினேன். ட்ரிகர் வெண்ணெய் மாதிரி வந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள். மூன்றாவது வாரம், பெல்லட் போட்டு லீவரை மூடின அதிர்விலேயே குண்டு கிளம்பிவிட்டது. ட்ரிகரில் விரலே வைக்கவில்லை. குழல் இலக்குப் பக்கம் இருந்ததால் பெல்லட் இலக்குத் தாங்கியின் மரக்காலில் போய்ப் பதிந்தது. அந்த ஓட்டையை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். தாங்கிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அட்டை மாற்றும் பையன் நிற்கிற இடம். அன்று அவன் லீவு. ரைஃபிளைத் திருப்பி அனுப்பினபோது நிறுவனம் முழு பில் போட்டது. நான் கட்டினேன். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அன்றிலிருந்து பெயின்ட் இருக்கிற திருகை நான் தொடுவதில்லை.

வேகத்துக்கு வருவோம். அதில் உங்கள் மகளுக்கு எந்த லாபமும் இல்லை. 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதை அடிக்கத் தேவை ஒவ்வொரு தடவையும் ஒரே வேகம், அதிக வேகம் அல்ல. 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 168 மீட்டரில் போனால் ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல். அதே பெல்லட்டை 275 மீட்டருக்குத் தள்ளினால் 20 ஜூலைத் தாண்டிவிடும். ஆயுத விதிகள் 2016-படி .177 காலிபரில் (குழலின் உள்ளளவு) 20 ஜூலுக்குள் இருக்கும் வரைதான் லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் வாரண்டி அட்டையைப் பற்றிப் பேச நேரமிருக்காது, காவல் நிலையத்தில் பேச வேண்டியிருக்கும். உங்கள் ரைஃபிள் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனாலும் ட்ரிகரைப் பழையபடி ஆக்கிய பிறகு, கிளப்பில் வேகமானி இருந்தால் ஐந்து ஷாட் சுட்டு எழுதி வையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலும் உங்களுக்கு இடமிருக்கிறது. சிலிண்டர்தான் கசிகிறது என்று தெரிந்தால், இரண்டு படங்களையும் பில்லையும் வைத்து விற்றவருக்குக் கடிதம் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவையும் படியுங்கள். பொருளை மாற்றியமைத்த நிலையில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது. நான் பயப்படுவது இதற்குத்தான். கசிவுக்கு ஆகும் செலவு சில ஆயிரம். அந்த ட்ரிகரால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால்?

கசிவு எதில் இருந்தாலும், ட்ரிகரைப் பழைய அளவுக்குக் கொண்டு வரும் வரை மகளை அந்த ரைஃபிளில் சுட விடாதீர்கள். அந்தப் பையனிடம் கோபப்படவும் வேண்டாம். எதைத் திருப்பினார், எத்தனை சுற்று என்று கேட்டு எழுதி வாங்கி, ரைஃபிளோடு சேர்த்துக் கொடுங்கள். பழுது பார்ப்பவருக்கு பாதி வேலை மிச்சம்.

கேள்வி: நான் டெக்சஸில் வசிக்கிறேன். என் கைத்துப்பாக்கியில் வேறு கம்பெனி ஸைட்டும் (குறிபார்க்கும் கருவி) ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறேன். வாரண்டி போய்விட்டதா? (ஒரு வாசகர், டல்லஸ்)

பதில்: மொத்தமாகப் போகாது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் சட்டம் இதற்காகவே இருக்கிறது. "எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி ரத்து" என்று எழுத்து வாரண்டியில் ஒரு நிறுவனம் நிபந்தனை வைக்கக் கூடாது. பாகத்தை இலவசமாகத் தந்தாலோ, அரசு வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யிடம் விலக்கு வாங்கினாலோ ஒழிய. 2022-இல் ஹார்லி-டேவிட்சன் பைக் நிறுவனத்தின் மேல் எஃப்.டி.சி. நடவடிக்கை எடுத்தது இதே காரணத்துக்காகத்தான். நீங்கள் போட்ட ஸைட்டுக்கும் குழலில் வந்த விரிசலுக்கும் சம்பந்தமில்லை என்றால் வாரண்டி நிற்கும். ஸ்பிரிங்கால்தான் சுத்தியல் சரியாக அடிக்கவில்லை என்றால் அந்தப் பழுதுக்கு நிற்காது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் எழுதிக் கொடுத்த வாரண்டியைத்தான் கட்டுப்படுத்தும், எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது. ரூகர் துப்பாக்கி நிறுவனம் இதே சட்டத்தைக் காரணமாகச் சொல்லி, எழுத்து வாரண்டியே தருவதில்லை என்று முடிவு செய்து அதைத் தன் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஆகவே முதலில் உங்கள் பெட்டியில் வாரண்டி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கையால் நிரப்பிய தோட்டாக்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பல நிறுவனங்கள் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. பழுதுக்கு அனுப்புமுன் கழற்றி வைத்த அசல் ஸ்பிரிங்கைத் தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்து மறுபடி போட்டு அனுப்புங்கள். மாற்றின பாகத்தோடு போனால் தொழிற்சாலை அதைக் கழற்றிவிட்டு அசலைப் போட்டுத் திருப்பி அனுப்புவது உண்டு. ஆனால் ஸ்பிரிங் மாற்றியிருந்ததைக் கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறைத்தால் பழுது பார்க்கிறவர் தவறான இடத்தில் தேடுவார்.

கேள்வி: எங்கள் கிளப் சிலிண்டரில் 2013 என்று பொறித்திருக்கிறது. காற்று ஒரு பார் கூடக் குறையவில்லை. இன்னும் பயன்படுத்தலாமா? (மதுரை மாணவர்)

பதில்: வேண்டாம் தம்பி. போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் பத்து வருடம். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியும் சிலிண்டர் தேதிக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை வீரர் மேலேயே வைத்திருக்கிறது. காற்று நிற்பதை வைத்து உலோகத்தின் களைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. வால்வை மெதுவாகத் திறந்து முழுக்கக் காற்றை வெளியேற்றிவிட்டு, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். யாருக்கும் இரண்டாம் கையாக விற்காதீர்கள்.